பவுச் இல்லாத போன் அரைப் போனா?

போன இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "நான் போனுக்குப் பவுச் போடுவதில்லை, கையில் பிடிக்க நன்றாயிருக்கிறது என்றுதானே காசு கொடுத்து வாங்கினேன்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதற்குத்தான் இத்தனை கடிதங்கள். கம்பம், கூடலூர், போடி, மேலே குமுளி, வண்டிப்பெரியாறு என்று மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து, சிலர் சிரித்துக்கொண்டும் சிலர் சிரிக்காமலும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை முழுக்க இதே பேச்சுதான். ஏலக்காய் விலை ஏறுமா என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: சார், நான் கூடலூரிலிருந்து தினமும் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள். மகன் சொன்னான் என்று 14,000 ரூபாய்க்குப் போன் வாங்கினேன். கடையில் பவுச், டெம்பர் கிளாஸ், கேமராவுக்கு ஒரு வளையம், சார்ஜர் வயர் முனைக்கு ஸ்பிரிங் மாதிரி ஒன்று, கழுத்தில் மாட்டக் கயிறு என்று மொத்தம் 850 ரூபாய்க்குத் தலையில் கட்டிவிட்டார்கள். மகனைக் கேட்டால் "எல்லாரும் போடுறதும்மா" என்கிறான். இவ்வளவு காசு வாங்குகிறவன் போனையே உறுதியாகச் செய்து தரக்கூடாதா? குடை வாங்கினால் அதற்கு மேலே பிடிக்க இன்னொரு குடையா வாங்குகிறோம்?
(தோட்டத் தொழிலாளி, கூடலூர்)

பதில்: குடைக்குக் குடை! இதை நான் எழுதியிருக்க வேண்டும் அக்கா, நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

உறுதியான போன் செய்ய அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. 2003இல் வந்த நோக்கியா 1100 உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். தூசி புகாத பட்டன், தலையில் டார்ச், பிளாஸ்டிக் உடம்பு. நம் மாதிரி புழுதியும் மழையும் கரண்ட் கட்டும் உள்ள ஊர்களை மனதில் வைத்தே செய்தது, உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. கீழே விழுந்தால் பேட்டரி ஒரு பக்கம் மூடி ஒரு பக்கம் ஓடும், பொறுக்கி மாட்டினால் மறுபடி பேசும். (அதற்கும் நாம் சும்மா இருக்கவில்லை, இடுப்பில் மாட்ட ரெக்சின் பவுச் வாங்கினோம். அது வேறு கதை.)

அப்புறம்தான் முகம் முழுக்கக் கண்ணாடி ஆனது. 2007இல் ஐபோன் வந்த பிறகு பட்டன் போய்த் திரை வந்தது, திரைக்கு மேல் கண்ணாடி வந்தது, ஏனென்றால் பிளாஸ்டிக்கில் சாவிக்கொத்து பட்டாலே கோடு விழும், நல்ல கண்ணாடியில் விழாது. ஆனால் பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும், கண்ணாடி கொடுக்காது. கீறாதது உடையும், உடையாதது கீறும், இந்த ரெண்டுக்கும் நடுவில்தான் மொத்த வியாபாரமும் மாட்டிக்கொண்டு நிற்கிறது. 2015இல் மோட்டோரோலா, திரை உடையவே உடையாது என்று நான்கு வருடம் உத்தரவாதம் கொடுத்து ஒரு போனை விட்டுப் பார்த்தது. மேல் பரப்பு பிளாஸ்டிக், சுலபமாகக் கீறல் விழுந்தது. பெரிதாக எடுபடவில்லை. பளபளப்பைப் பார்த்து வாங்குகிற நமக்கும் அதில் பங்கு உண்டு.

இந்தக் கண்ணாடியும் ஜன்னல் கண்ணாடி இல்லை. நீங்கள் ஜீப்பில் போகிறவர், சட்டென்று புரியும். கண்ணாடியை 400 டிகிரி சூட்டில் உருகிக் கிடக்கும் பொட்டாசியம் உப்பில் முக்குகிறார்கள். கண்ணாடியில் இருக்கும் சின்ன சோடியம் அயனிகள் இறங்கிக்கொள்ள, அந்த இடத்தில் உடம்பு பெருத்த பொட்டாசியம் அயனிகள் ஏறி உட்காருகின்றன. பத்துப் பேர் ஜீப்பில் பதினைந்து பேர் ஏறினால் எப்படி ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவில்கூட யாரும் அசைய முடியாமல் இருப்பார்களோ, அப்படி மேல் பரப்பு இறுகிப்போகும். விரிசல் விட வேண்டுமானால் இடம் வேண்டும், அங்கே இடம் இல்லை. அதனால்தான் சின்னச் சின்ன அடியைத் தாங்குகிறது. ஆனால் அந்த இறுகின தோல் மிக மெல்லிசு. மணல் துகள் அதையும் தாண்டிக் கீறிவிட்டால், அல்லது போன் மூலை குத்தக் கல்லில் விழுந்து மொத்த அடியும் கடுகளவு இடத்தில் இறங்கினால், கதை முடிந்தது.

பவுச் செய்வது அந்த மூலையைக் காப்பதுதான். மெத்தென்ற மூலை அடியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், திரையைவிட ஒரு நூல் உயரமாக நிற்கும் விளிம்பு கண்ணாடி நேராகத் தரையில் மோதாமல் தடுக்கும். சரி, அந்த விளிம்பைப் போனிலேயே வைக்கக்கூடாதா என்றால், வைக்கலாம். வைத்தால் போன் தடியாகத் தெரியும், விளம்பரத்தில் மெல்லிசு என்று சொல்ல முடியாது. ஆக, மெல்லிசு என்று காசு வாங்கிக்கொண்டு விற்கிறார்கள், அதைத் தடிமனாக்க நம்மிடம் மறுபடி காசு. என் கோபம் அங்கேதான். சில கம்பெனிகள் பெட்டிக்குள்ளேயே மெல்லிய பவுச் ஒன்றைப் போட்டுத் தருகின்றன. என்னைக் கேட்டால் அது ஒப்புதல் வாக்குமூலம். முதல் வேலையாக உங்கள் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்த அட்டைக்குள் பாருங்கள். ஏற்கெனவே ஒன்று உள்ளே இருக்க, கடையில் இரண்டாவதை விற்பது புதிதில்லை.

ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களுக்கு, கீழே விழுந்தால் எவ்வளவு தாங்கும் என்று ஆங்கில எழுத்தில் ஏ முதல் ஈ வரை தரம் போட்ட லேபிள் ஒட்ட வேண்டும். தனிக் கவர் எதுவும் இல்லாமல் 45 தடவை விழுந்தும் போன் வேலை செய்ய வேண்டும் என்று சாதாரணப் போன்களுக்கு விதியே இருக்கிறது. குறைந்தபட்சம் அங்கே யாரோ உங்கள் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். நம் ஊர்ப் பெட்டிகளில் அப்படி ஒரு லேபிள் என் கண்ணில் இதுவரை படவில்லை.

இப்போது உங்கள் 850 ரூபாய்க்கு வருவோம். ஏலத்துக்குக் காய் தூரில்தான் பிடிக்கும், நாள் முழுக்கக் குனிந்தும் குத்துக்காலிட்டும்தான் வேலை. இடுப்பிலோ ஜாக்கெட்டிலோ செருகின போன் எத்தனை தடவை நழுவும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் அந்த ஐந்தில் எனக்கு உருப்படியாகத் தெரிவது கழுத்துக் கயிறுதான், கடைக்காரர் அதைக் கடைசியில் சேர்த்திருந்தாலும். அடுத்தது பவுச். டெம்பர் உங்கள் இஷ்டம். கேமரா வளையம் வேண்டவே வேண்டாம், லென்ஸுக்கு மேல் இருப்பதே உறுதியான கண்ணாடி, அதன் மேல் இன்னொன்றை ஒட்டினால் ராத்திரி எடுக்கிற படத்தில் விளக்கெல்லாம் வழிந்து தெரியும். வயர் முனைக்கு, தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங்கைச் சுற்றினால் போதும்.

நான் பவுச் போடாமல் திரிவது மேஜை முன்னால் உட்கார்ந்து எழுதுகிறவன் திமிர். அதையும் சொல்லிவிடுகிறேன்: போன வருடம் குமுளி பஸ் ஸ்டாண்டில் பனியன், பணியாரம் எல்லாம் விற்கும் சந்தடியில் சில்லறை எடுக்கப் போய்ப் போனைக் கீழே விட்டேன். டிஸ்ப்ளே மாற்ற 3,200 ரூபாய். மாற்றித் தந்த திரையில் இடது ஓரத்தைத் தொட்டால் இன்றைக்கும் கேட்காது. அந்த 3,200ல் எத்தனை பவுச் வாங்கலாம் என்று என் வீட்டில் கணக்குப் போட்டுச் சொல்லியாகிவிட்டது, நீங்கள் யாரும் எழுத வேண்டாம்.

*

கேள்வி: 9எச், 11டி, 21டி என்று டெம்பர் கிளாஸில் வகை வகையாகச் சொல்கிறார்கள். 50 ரூபாய்க்கும் இருக்கிறது, 500 ரூபாய்க்கும் இருக்கிறது. எது நிஜம்?
(கல்லூரி மாணவர், போடி)

பதில்: தம்பி, 9எச் என்பது பென்சில். சிரிக்க வேண்டாம், உண்மையாகவே பென்சில்தான். பெயின்ட் பூச்சு எவ்வளவு கடினம் என்று பார்க்க வெவ்வேறு பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு, அதில் மிகக் கடினமான பென்சில் 9எச். அது கீறவில்லை என்று அர்த்தம், அவ்வளவே. எந்தக் கண்ணாடியைத்தான் பென்சில் கீறும்? கடைக்காரர் அதை வைரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார், ஏனென்றால் கனிமங்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவுகோலில் வைரம் 10, நீலக்கல் 9. அந்த ஒன்பது வேறு, இந்த ஒன்பது வேறு. மோஸ் கணக்கில் போன் கண்ணாடி பொதுவாக 6இல் லேசாகக் கீற ஆரம்பித்து 7இல் ஆழமாகக் கோடு வாங்கும். ஆற்று மணலில் இருக்கும் குவார்ட்ஸ் சரியாக 7. ஆகவே சாவி, காசு எல்லாம் பெரிய எதிரி இல்லை, சட்டைப்பையின் அடியில் கிடக்கும் மணல்தான் எதிரி. 11டி, 21டி என்பதெல்லாம் எந்த அளவும் இல்லை, வெறும் பெயர். ஓரம் வளைந்திருக்கிறதா, பசை திரை முழுக்க இருக்கிறதா என்பதைத்தான் அப்படி அலங்கரிக்கிறார்கள்.

இன்னொன்று. "டெம்பர் உடைஞ்சுது, போன் தப்பிச்சுது" என்று எல்லோரும் சொல்வார்கள். டெம்பர் கிளாஸ் அநேகமாக ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு தடிமன், போன் கண்ணாடியைவிட மெல்லிசு. அது இல்லாவிட்டாலும் போன் பிழைத்திருக்கலாம், யார் கண்டது. அது உடைந்ததாலேயே போனைக் காப்பாற்றியது என்று ஆகிவிடாது. ஆனால் கீறலைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும், அதற்கு 50, 100 ரூபாய்ச் சரக்கே போதும். சொட்டுச் சொட்டாகத் திரவப் பசையை ஊற்றி நீல விளக்கில் காட்டி ஒட்டுகிறார்களே, அதைக் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள். காது வைக்கிற ஓட்டைக்குள்ளும் பட்டன் இடுக்கிலும் பசை இறங்கி, கூப்பிடுகிறவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி ஆன போன்கள் உண்டு.

*

கேள்வி: பவுச் போட்டதால் லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது சிக்னல் போய்விடுகிறது என்று என் கணவர் பவுச்சைக் கழற்றி எறிந்துவிட்டார். சரியா?
(இல்லத்தரசி, குமுளி)

பதில்: சேச்சி, பாவம் அந்தப் பவுச். அந்தப் பாதையில் சிக்னல் போவது மலையால். ரப்பர், பிளாஸ்டிக், தோல் எதுவும் சிக்னலை மறைப்பதாகச் சொல்ல முடியாது. உலோகச் சட்டம் போட்டது என்றால் மட்டும் சந்தேகப்படலாம்.

நேர் எதிராக நடந்த கதையும் இருக்கிறது. 2010இல் வந்த ஐபோன் 4இல் வெளிச்சுற்று உலோகப் பட்டையே ஆன்டெனா. இடது கையால் ஒரு மூலையை மூடிப் பிடித்தால் சிக்னல் விழுந்தது. உலகமே கூச்சல் போட்டதும் அதைச் செய்த ஆப்பிள் கம்பெனியின் அப்போதைய தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடை ஏறி எல்லோருக்கும் இலவசமாகக் கவர் தருகிறோம் என்றார். கவர் போட்டால் கை ஆன்டெனாவில் படாது, சிக்னல் நிற்கும். போன் செய்தவன் விட்ட தப்பைக் கவர் மூடியது, அங்கே அந்தச் செலவைக் கம்பெனியே ஏற்றுக்கொண்டது. அதனால்தான் இந்தக் கதை எனக்குப் பிடிக்கும். உங்கள் வீட்டுக்காரரிடம் பவுச்சை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

*

கேள்வி: ஜீப் ஓட்டுகிறேன். டாஷ்போர்டில் மேப் போட்டு, சார்ஜும் போட்டு வைத்தால் போன் தோசைக்கல் மாதிரி சுடுகிறது, சில நேரம் சார்ஜ் ஏறாமல் நின்றுவிடுகிறது. போன் கோளாறா?
(டிரைவர், கம்பம்)

பதில்: கோளாறு இல்லை அண்ணே, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் நிறுத்துகிறது. லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் எமன். ஐபோனை 35 டிகிரி வரைக்குமான இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். சித்திரை மாதம் கம்பம் ரோட்டில் நிற்கும் ஜீப்பின் கண்ணாடிக்குப் பின்னால் எவ்வளவு இருக்கும் என்று நான் சொல்ல வேண்டாம். வெயில் ஒரு பக்கம், சார்ஜ் ஏறும் சூடு ஒரு பக்கம், மேப் ஓடும் சூடு இன்னொரு பக்கம், இதற்கு மேல் தடித்த பவுச் என்ற கம்பளி. சார்ஜ் போடும்போது சுட்டால் முதலில் கவரைக் கழற்றுங்கள் என்று அதே ஆப்பிளும் சொல்கிறது. உங்களுக்கு நான் சொல்வது, டாஷ்போர்டை விட்டு ஏசி காற்றோ ஜன்னல் காற்றோ படும் இடத்துக்கு ஸ்டாண்டை மாற்றுங்கள், வண்டி ஓடும்போது பவுச் வேண்டாம்.

அப்புறம், பவுச்சுக்கும் போனுக்கும் நடுவில் என்னவெல்லாம் வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஐநூறு ரூபாய் நோட்டு, ஏடிஎம் கார்டு, வீரபாண்டி கௌமாரியம்மன் படம், மடித்த பெட்ரோல் பில். அம்மன் படம் இருக்கட்டும், மற்றதை எடுங்கள். காந்தம் வைத்து மூடும் பிளிப் கவர் என்றால் கார்டின் பின்னால் இருக்கும் கறுப்புப் பட்டை கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு.

*

கேள்வி: கண்ணாடி மாதிரி பவுச் வாங்கினேன், மூன்று மாதத்தில் மஞ்சள் அடித்துவிட்டது. சோப்பு, பேக்கிங் சோடா, எலுமிச்சை எல்லாம் பார்த்துவிட்டேன்.
(ஆசிரியை, உத்தமபாளையம்)

பதில்: அது அழுக்கு இல்லை டீச்சர், தேய்த்தால் போக. டிபியு என்ற அந்தப் பிளாஸ்டிக் வெயிலிலும் சூட்டிலும் தானாகவே உள்ளுக்குள் மாறி மஞ்சளாகிறது. புதிதில் லேசாக நீலம் கலந்து விற்பதும் உண்டு, மஞ்சளைக் கொஞ்ச நாள் மறைக்க, நாம் வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுகிற அதே வித்தை. அடுத்த முறை கறுப்பு வாங்குங்கள்.

*

கேள்வி: சுருளி அருவிக்குப் போனபோது போன் நனைந்துவிட்டது. ஐபி68 என்று பெட்டியில் போட்டிருந்தது. அரிசி டப்பாவில் இரண்டு நாள் வைத்தேன். இனிமேல் வாட்டர்புரூப் கவர் வாங்கட்டுமா?
(வாசகர், சின்னமனூர்)

பதில்: ஐபி68இல் முதல் 6 தூசிக்கு, அடுத்த 8 தண்ணீருக்கு. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம், 8 என்றால் அதைவிடக் கடுமையாக, எவ்வளவு என்பதை அந்தக் கம்பெனியே சொல்லிக்கொள்ளும். எல்லாம் புதுப் போனுக்கு, அசையாத நல்ல தண்ணீரில் செய்த சோதனை. அருவி என்பது மேலேயிருந்து அறையும் தண்ணீர். உள்ளே இருக்கும் ரப்பரும் பசையும் நாளாக ஆகத் தளரும், ஒரு தடவை டிஸ்ப்ளே மாற்றத் திறந்துவிட்டால் அந்தக் காப்பை நம்பவே முடியாது. தண்ணீர் புகுந்தால் வாரண்டி கிடையாது என்று பல கம்பெனிகள் சின்ன எழுத்தில் எழுதியிருக்கும், அதையும் படியுங்கள்.

அரிசி வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சி எடுக்காது, தவிடும் தூளும் சார்ஜர் ஓட்டைக்குள் போகும். அரிசியில் போடாதீர்கள் என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. ஓட்டை கீழே பார்க்கப் பிடித்துத் தட்டி, காற்றோட்டமாக வைத்து, காயும் வரை சார்ஜ் போடாமல் இருந்தால் அதுவே வைத்தியம்.

வாட்டர்புரூப் கவர் வருடத்தில் ஒரு நாள் அருவிக்குப் போகிறவருக்கு எதற்கு? மேலே ஏலத்தோட்டத்து ஆட்கள் மழைக்காலத்தில் என்ன செய்கிறார்கள் தெரியுமா, ஏலக்காய் பாக்கெட் போடுகிற ஜிப் வைத்த கவர் இருக்கிறதே, அதில் போனைப் போட்டு மூடிவிடுகிறார்கள். மெல்லிய பிளாஸ்டிக் வழியாகவே தொட்டுப் பேசலாம். வீட்டுக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வேர்த்துப்போகும். போன் லேசாக ஏலக்காய் மணக்கும், அது கூடுதல் லாபம்.

*

கேள்வி: இயர்பட்ஸ் வாங்கினேன். அதை வைக்க ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்கு ரப்பர் கவர், கவருக்கு ஒரு கொக்கி. கொக்கி அறுந்து பெட்டியே தொலைந்துவிட்டது.
(வாசகர், கம்பம்)

பதில்: இதில் கேள்வி எங்கே இருக்கிறது? துக்கம்தான் இருக்கிறது.

*

கேள்வி: எனக்கு வயது 74. எஸ்டேட் வேலையில் சேர்ந்த புதிதில் வாங்கிய டிரான்சிஸ்டர் ரேடியோ தோல் உறையோடுதான் வந்தது, தனிக் காசு இல்லை. இலங்கை வானொலி கேட்டு, தேயிலைக் காட்டில் மழையில் நனைந்து, எத்தனையோ தடவை விழுந்தும் இருக்கிறது. ரேடியோ செத்து இருபது வருடம் ஆகிறது, உறை இன்னும் ஆணியில் தொங்குகிறது. பேரன் வாங்கித் தந்த போனின் பவுச் ஆறு மாதத்தில் கிழிந்துவிட்டது. அந்தக் காலப் பொருள் அந்தக் காலப் பொருள்தான் என்பேன். நீங்கள்?
(ஓய்வு பெற்ற எஸ்டேட் ஊழியர், வண்டிப்பெரியாறு)

பதில்: ஐயா, பாதி ஒத்துக்கொள்கிறேன். மூக்குக் கண்ணாடி வாங்கினால் பெட்டி சேர்த்துத் தருகிறார்கள், உங்கள் ரேடியோவுக்கு உறை சேர்த்துத் தந்தார்கள். பொருள் வெளியே போகும், மழையில் நனையும், கீழே விழும் என்று செய்தவனுக்கே தெரிந்திருந்தது, அதை விலையோடு சேர்த்தான். இப்போது அதைப் பிரித்துத் தனிக் கடையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதனால்தான் போன் வாங்கும்போது பவுச் விலை, டிஸ்ப்ளே மாற்றும் விலை ரெண்டையும் விசாரித்து, கூட்டிப் பார்த்து வாங்கச் சொல்கிறேன். 14,000 ரூபாய்ப் போனுக்கு 4,000 ரூபாயில் டிஸ்ப்ளே என்றால், அது 14,000 ரூபாய்ப் போனே இல்லை.

மறு பாதியை ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த ரேடியோ என்ன விலை, அப்போது உங்கள் மாதச் சம்பளம் என்ன என்று பார்த்தால் நீங்களே சிரிப்பீர்கள். அதற்கு வருடா வருடம் போஸ்ட் ஆபீஸில் லைசென்ஸ் வேறு கட்டினீர்கள். அவ்வளவு காசு கொடுத்ததைப் பிள்ளையைப் போலப் பார்த்தீர்கள், அதனாலும் உழைத்தது. எங்கள் வீட்டில் டிவிக்குத் துணி உறை, ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, சூட்கேஸுக்குக் காக்கி உறை. உறையைக் கழற்றி உள்ளே இருக்கும் பொருளைப் பார்த்ததே விருந்தாளி வந்தபோதுதான்.

உங்கள் தோல் உறையில் போன் நுழைகிறதா என்று பாருங்கள். பெரிதாக இருந்தால் கம்பம் பக்கம் வரும்போது செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஓரத்தைப் பிடித்துத் தைக்கச் சொல்லுங்கள், பின்னால் கேமராவுக்கு ஒரு ஓட்டை. முன்னால் ஸ்பீக்கருக்குக் குத்தின பொட்டுப் பொட்டு ஓட்டைகள் இருக்குமே, அதில் மட்டும் கை வைக்க விடாதீர்கள்.